ஆறாம் நம்பர் ரூட்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டின் அட்டையில் "த. அன்சிலா, பதினொன்றாம் வகுப்பு, இ பிரிவு" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. வகுப்பையும் பிரிவையும் அடித்துவிட்டேன். பெயர் இருக்கட்டும். உள்ளே நாலு பக்கம்தான் எழுதியிருந்தது. மீதி எல்லாம் வெள்ளை.

பதினொன்றாம் வகுப்பில் நான் இருந்தது ஒன்பது நாள். புது டீச்சர் ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லச் சொன்னார். நான் எழுந்தேன். ஒன்றும் வரவில்லை. மணி அடிக்கிறவரை நின்றேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான், வேறு கதை எதுவும் இல்லை. இரண்டு வருடம் ஆகிவிட்டது.

இப்போது பார்சல் ஆபீசில் வேலை. அப்பா அங்கே டெலிவரிக்குப் போகிறார், அவர் சொல்லித்தான் சேர்த்தார்கள். லாரியில் வரும் பார்சல்களை நானும் பேச்சித்தாயக்காவும் பிரித்து, ரூட் எண்ணை ஒட்டி, அந்தந்தக் கூண்டில் போடுகிறோம். மொத்தம் எட்டு ரூட், எட்டு ஆட்கள். தூத்துக்குடி டவுன் முழுவதும் இந்த எட்டுக்குள் அடக்கம். அப்பாவுக்கு ஆறாம் நம்பர். ரெண்டாம் கேட் என்கிற ரயில்வே கேட்டைச் சுற்றி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.

இங்கே யாரும் ஐந்து வாக்கியம் கேட்பதில்லை.

ஜூன் 12, வியாழன்

அப்பா ஆறே முக்காலுக்கு வந்தார். சட்டை முதுகில் வியர்வை காய்ந்து உப்புக் கோடாக நின்றது. கஞ்சி குடித்தார். பேசவில்லை. எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான் பேசுவாள். இறால் கம்பெனியில் பத்து மணி நேரம் தலை கிள்ளிவிட்டு வந்தும் அவளுக்கு வாய் ஓயாது.

"எட்டுப் பேருல கடைசியா வாரது எப்பவும் நீருதானா? மத்தவங்க பைக்குல என்ன றெக்கையா கட்டியிருக்கு?"

அப்பா சிரித்தார். "கேட்டு பூட்டிக் கெடந்துச்சு பிலோமி."

"நெதமுமா?"

"நெதமும் ஓடத்தான செய்யும் ரயிலு."

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். மீன் குழம்பு. மத்தியானம் அப்பாவின் போனை வாங்கி நேற்றைய வரிசையைப் பார்த்தேன். எந்த வீட்டுக்கு முதலில், எதற்கு அடுத்து என்று கம்பெனி ஆப் சொல்லும். அறுபத்து நாலு வீடு.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தெருக்களை வரைந்து, வீடுகளைப் புள்ளியாக வைத்து, ஆப் சொன்ன வரிசையில் கோடு இழுத்தேன். ஒன்று புரிந்தது. அது எப்போதும் பக்கத்தில் இருக்கிற புள்ளிக்கே தாவுகிறது. ஆரம்பத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கடைசியில் நாலு வீடு நாலு மூலையில் மிஞ்சிவிடுகிறது. அவற்றுக்காக ஊரையே திரும்பச் சுற்ற வேண்டும். பக்கம் பக்கமாகப் பார்த்துப் போனால் மொத்தத் தூரம் கூடிவிடும் என்று அதற்குத் தெரியவில்லை.

கேட்டும் அதற்குத் தெரியவில்லை. அப்பாவை ஐந்து தடவை தண்டவாளம் தாண்ட வைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கேட் திறந்தே இருக்கும் என்று நினைக்கிறது போல.

ஜூன் 18, புதன்

பத்து வீட்டுக்கு எத்தனை வரிசையில் போகலாம் என்று பெருக்கிப் பார்த்தேன். முப்பத்தாறு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. பத்து வீட்டுக்கே. அறுபத்து நாலுக்கு எழுத இந்த நோட்டில் ஒரு வரி போதாது. ஆப் பாவம்.

ஜூன் 20, வெள்ளி

எல்லா வரிசையையும் பார்க்கத் தேவையில்லை. இன்று கண்டுபிடித்தேன்.

கோடு எங்கே ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிறதோ அங்கே மட்டும் பார்த்தால் போதும். அந்த இரண்டு கோட்டையும் எடுத்துவிட்டு, வெட்டாதபடி மாற்றிப் போட்டால் தூரம் குறைகிறது. எந்த இடத்தில் செய்தாலும் குறைகிறது. ஏன் என்று நாள் முழுக்க யோசித்தேன். ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு வரி: முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடப் பெரிது. வெட்டுகிற இடத்தில் இரண்டு முக்கோணம் ஒளிந்திருக்கிறது. தெரு கோடு மாதிரி நேராக இராது, ஆனாலும் பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

தாளில் பதினோரு வெட்டு இருந்தது. ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கடைசி வெட்டும் போனபோது தாள் சும்மா ஒரு தீவின் படம் மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் லோடு வந்ததும் அப்பாவின் வரிசையைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்த ரயில் எத்தனை மணிக்குப் போகும் என்று அப்பாவிடம் கேட்டு, கேட்டையும் கணக்கில் சேர்த்திருந்தேன். ஒரே தடவை தாண்டுவது, ஒரே தடவை திரும்புவது.

அப்பா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையில் வைத்துக்கொண்டு போனார்.

நாலு ஐம்பதுக்கு வீட்டில் இருந்தார். அம்மா வரும்போது வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, வேலைய விட்டுட்டீரா?"

"ஒம் மவ விடச் சொல்லிட்டா."

ஜூலை 4, வெள்ளி

பத்து நாளாக அப்பா ஐந்து மணிக்குள் வருகிறார். இன்று ஆறாம் கூண்டில் எழுபத்தெட்டுப் பார்சல் விழுந்தது. தப்பாக ஒட்டிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். தப்பில்லை. சீக்கிரம் முடிக்கிற ஆளுக்குக் கம்பெனி கம்ப்யூட்டரே கூடுதலாகப் போடுமாம்.

அப்பா ஆறே முக்காலுக்கு வந்தார்.

ஜூலை 15, செவ்வாய்



மானேஜர் காஜா சார் அப்பாவின் கையில் துண்டுத் தாளைப் பார்த்துவிட்டார். எட்டுப் பேரும் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தபோது எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"அண்ணாச்சி, இது யாரு போட்டது?"

அப்பா என் பக்கம் திரும்பினார். மூன்றாம் ரூட் சுடலைமணி, எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறவன், உடனே ஆரம்பித்தான். "அதான பாத்தேன். ரெண்டாம் கேட்டு தொறக்கதுக்குள்ள பேரன் பேத்தி எடுத்துருவாரேன்னு நெனச்சிட்டிருந்த ததேயு அண்ணாச்சி, எனக்கு முன்னாடில்லா வீட்டுக்குப் போயிட்டிருந்தாரு!"

"நீயா பிள்ள போட்ட?" என்றார் சார்.

தலையாட்டினேன்.

"எப்படிப் போட்ட? சொல்லு."

நின்றேன். பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரியே. பேச்சித்தாயக்கா பின்னாலிருந்து, "அவகிட்ட தாளக் குடுங்க சார். வாயில கேட்டா நாளைக்கு விடிஞ்சிரும்" என்றாள். சார் தாளும் பேனாவும் கொடுத்தார். ஒரு வெட்டை வரைந்து, அவிழ்த்துக் காட்டினேன். சார் இரண்டு தடவை பார்த்தார்.

"ஏயப்பா" என்றார்.

யாரும் என்னைப் பார்த்து "ஏயப்பா" என்று இதுவரை சொன்னதில்லை.

ஜூலை 16, புதன்

இனிமேல் எட்டு ரூட்டுக்கும் நான்தான் வரிசை போட வேண்டும். ஒட்டுகிற வேலையைப் பேச்சித்தாயக்கா பார்த்துக்கொள்வாள். எனக்கு ஜன்னலோரம் மேஜை.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். பீச் ரோடு முழுக்க ஆள், வண்டி விடவில்லை. மூடிய தெருக்களை அடித்துவிட்டு மறுபடி எல்லாவற்றையும் போட்டேன். எட்டுப் பேரும் ஐந்தரைக்குள் திரும்பிவிட்டார்கள். சுடலைமணி என் மேஜை மேல் ஒரு மக்ரூன் பொட்டலம் வைத்துவிட்டு, "வாத்தியாரம்மாவுக்கு" என்று கத்திவிட்டுப் போனான். பாதியை அக்காவுக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. நானும் அம்மாவும் கூட்டத்தில் நின்றோம். அப்பா டெலிவரிக்குப் போனார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காஜா சார் கூப்பிட்டார். மேலிடத்திலிருந்து மெயில் வந்திருக்கிறதாம். தூரம் இவ்வளவு குறைந்திருக்கிறதே, எட்டு ரூட்டை ஏழாக்க முடியுமா என்று கேட்கிறார்களாம்.

"எந்த ஏரியாவப் பிரிச்சு பக்கத்துல சேத்தா மொத்தத் தூரம் கம்மியா வரும்னு பாத்துச் சொல்லு. ஒரு வாரம் எடுத்துக்க. இது உன்னாலதான் முடியும்."

வெளியே வந்ததும் பேச்சித்தாயக்கா என்ன என்று கேட்டாள். தாளில் எழுதிக் காட்டினேன்.

"ஏட்டி, ஒரு ரூட்டு போனா அந்த ஆளு எங்கன போவான்? மொட்ட மாடியில நிப்பானா?"

அதைச் சாரிடமே அவள் போய்க் கேட்டாள். "ரூட்டத்தான் கொறைக்கோம், ஆள யாரு கொறைக்கா" என்று சார் சொன்னாராம். அக்கா உதட்டைப் பிதுக்கினாள். சார் சொன்னதே சரியாக இருக்கும்.

வீட்டில் அம்மா காதுக்கும் போயிருக்கிறது. சோறு போடும்போது கேட்டாள்: "எட்டுல ஒருத்தர நிப்பாட்டப் போறாங்களாமே. உமக்கு ஒண்ணும் இல்லையே? அம்பத்து மூணு வயசுல உம்ம வேற எவன் வேலைக்கு எடுப்பான்?"

"என்னய எதுக்கு நிப்பாட்டுதான்? எழுபத்தெட்டு பார்சல் போடுதேன்" என்றார் அப்பா.

நான் தட்டைக் கழுவ எழுந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இது வேறு மாதிரிக் கணக்கு. ஒரு ஆள் எப்படிப் போவது என்பது இல்லை. ஒரு ஏரியாவையே எடுத்துவிட்டு, அதன் புள்ளிகளை இரண்டு பக்கமும் பங்கிட வேண்டும். ஒருவன் ஏற்கெனவே போகிற வழியில் ஒரு புள்ளி இருந்தால் அதற்குக் கூடுதல் தூரமே கிடையாது. அப்படி எத்தனை புள்ளி என்று ஒவ்வொரு ரூட்டுக்கும் பார்க்க வேண்டும். எட்டு தடவை எடுத்து, எட்டு தடவை சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இரண்டு முடிந்தது. இரண்டும் மோசம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை, தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை. ஏழும் எட்டும் பாக்கி இருந்தது.

மத்தியானம் முடிந்துவிட்டது. சாப்பிட்டேனா என்று ஞாபகமில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது! தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் உள்ளவை ஐந்தாம் ரூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அந்தப் பக்கம் உள்ளவை ஏழுக்குள். யாரும் கேட்டைத் தாண்டவே வேண்டாம். ஒரு வெட்டு இல்லை. ஏழு தீவு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தாளைக் கொடுத்தேன். சார் இல்லை, மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் எலுமிச்சைச் சோறு, அக்கா கொண்டுவந்த அப்பளம். லாரி முக்கால் மணி நேரம் லேட்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

அம்மாவுக்கு விரலில் இறால் முள் ஏறி வீங்கியிருக்கிறது. மஞ்சள் அரைத்துப் போட்டேன். அப்பா செருப்பு வாரைத் தைத்தார். அடுத்த வாரம் பைக்குக்கு டயர் மாற்ற வேண்டும் என்றார். சார் ரூட்டைத்தான் குறைப்பதாகச் சொன்னார். அப்பாவுக்கு வேறு நம்பர் கொடுப்பார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சார் காலையில் எல்லோரையும் நிற்க வைத்துப் படித்தார். செப்டம்பர் எட்டிலிருந்து ஏழு ரூட். ஆறாம் ரூட் ஐந்திலும் ஏழிலும் சேர்க்கப்படுகிறது. ஆறாம் ரூட்டின் ஆளுக்கு ஆறாம் தேதியோடு வேலை முடிகிறது.

எல்லோரும் கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சுடலைமணிகூட.

"சார், வேற நம்பர் ஏதும்..." என்றார் அப்பா.

"மேலருந்து வந்தது அண்ணாச்சி. எந்த ரூட்டு போகுதோ அந்த ஆளுன்னு போட்டுட்டாங்க. எங் கையில இல்ல."

சார் அப்பாவைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். கதவை மூடிக்கொண்டார். அப்பா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, அன்றைய எழுபத்தாறு பார்சலையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பேச்சித்தாயக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அம்மா நேற்று ராத்திரி முழுக்கக் கத்தினாள். "எவன் போட்டான் அந்தக் கணக்க? அவன் கையில கட்டி மொளைக்க! அந்தச் சுடலப் பயல எடுத்திருந்தா என்ன? இருவத்து மூணு வயசு, எங்க போனாலும் சோறு உண்டு. இவர எடுத்துருக்கான் பாரு, நாசமாப் போறவன்!"

"விடு பிலோமி. கணக்குல வந்தது" என்றார் அப்பா.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எல்லாத் துணியையும் மடித்து முடித்துவிட்டு, பிரித்து, மறுபடி மடித்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அப்பா மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தார். இரண்டு டெலிவரி ஆபீஸ், ஒரு உப்பு கம்பெனி. எல்லா இடத்திலும் முதலில் கேட்டது வயசுதானாம். அம்மாவின் சித்தப்பா மகன் திருப்பூரில் இருக்கிறார். அங்கே ஒரு பனியன் குடோனுக்கு வாட்ச்மேன் வேண்டுமாம்.

செப்டம்பர் 6, சனி

அப்பாவின் கடைசி நாள். ஆஃபர் சமயம், தொண்ணூற்று ஒன்று பார்சல். சார் என்னிடம், "நீயும் கூடப் போயிட்டு வா. திங்கக்கெழமை ஏரியா மாறுது. எந்த வீடு எந்த வாசல்னு கண்ணால பாத்துக்க" என்றார்.

அப்பா பைக்கில் முன்னால் ஒரு மூட்டை, நடுவில் ஒரு பை, பின்னால் நான்.

மூன்று மாதமாக இந்த ஏரியாவைப் புள்ளி புள்ளியாக எனக்குத் தெரியும். ஒரு வீட்டையும் பார்த்ததில்லை. பத்தொன்பதாம் புள்ளி மூன்றாம் மாடி. மேலிருந்து கயிற்றில் கூடை இறங்கியது. இருபத்து மூன்று ஒரு சைக்கிள் கடை. நாற்பதில் ஒரு கறுப்பு நாய் அப்பாவின் காலை மோந்துவிட்டு நகர்ந்தது, என்னைப் பார்த்துக் குரைத்தது.

ஆனால் நான் எழுத வந்தது இதை இல்லை. அப்பாவின் சத்தம்.

முதல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "பார்சலேய்!" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், நான் பயந்துவிட்டேன். எங்கள் வீட்டில் தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையைக் காட்டிச் சொல்லுகிற ஆள். தெருவே திரும்பிப் பார்த்தது.

"என்ன தங்கச்சி, நேத்துத்தான் ஒரு சேல வந்துச்சு, இன்னைக்கும் சேலையா? மாப்பிள்ளைக்கு ஒரு பனியனாவது வாங்கிக் குடுத்தியா?"

"அண்ணாச்சி, மெல்லப் பேசுங்க, உள்ளதான் இருக்காக!"

"அப்பம் இது பாத்திரம்னு சொல்லிரவா?"

ஒவ்வொரு வாசலிலும் இப்படித்தான். எல்லோருடைய பேரும் தெரிந்திருக்கிறது. யார் வீட்டில் யாருக்குப் பரீட்சை, யாருக்கு மாற்றல் எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். "எம் மவ" என்று என்னைக் காட்டினார். "அண்ணாச்சி மவளா இப்படி ஊமையா இருக்கு?" என்று சிரித்தார்கள். அப்பா மாதிரியே நான் இருக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கடைசி நாள் என்று யாரிடமும் அவர் சொல்லவில்லை. "திங்கக்கெழமை பாப்பம்" என்று ஒரு அம்மா சொன்னபோது, "பாப்பம்" என்றார்.

பன்னிரண்டு மணி வாக்கில் ரெண்டாம் கேட் மூடியிருந்தது. வரிசையில் நின்றோம். வெயில். அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது.

"ப்பா. அந்த ஏழு ரூட்டு... அது நாந்தான் போட்டேன்."

அப்பா திரும்பவில்லை. "தெரியும் பிள்ள."

"எப்படி?"

"அன்னைக்கு ரூமுக்குள்ள கூப்பிட்டாருல்லா காஜா சாரு. அப்பமே சொல்லிட்டாரு. தாளக் காட்டி, 'அண்ணாச்சி, இப்படி ஒரு மூளைய நான் பாத்ததில்ல, இஞ்சினியருக்குப் படிச்சவன்கூட இப்படிப் போடமாட்டான்'ன்னாரு." தோளால் கன்னத்து வியர்வையைத் துடைத்தார். "நாலு கேள்வி கேக்கணும்னுதான் உள்ள போனேன். பதினோரு வருசம் ஒழைச்சவன ஒரு தாள வச்சித் தள்ளிருவீங்களான்னு. அவரு அப்படிச் சொன்ன பொறவு எப்படிக் கேக்க? அந்தத் தாளு தப்புன்னுல்லா ஆயிரும். எம் மவ போட்டது தப்புன்னு நானே சொல்லவா?"

எனக்கு இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன். ரயில் வந்தது. கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போனதும் கேட் ஏறியது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அப்பா வண்டியை எடுத்துவிட்டார்.

மாலை வரை நேரம் இருந்தது. இன்னும் முப்பது வீடு இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்றிலிருந்து ஏழு ரூட். கூண்டுகளுக்குப் புது நம்பர் ஒட்டினார்கள். ஏழுதான் இப்போது ஆறு.

அப்பாவிடம் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு விடை வந்தது. ஒன்று ஆறாம் ரூட்டை எடுப்பது. இன்னொன்று மூன்றாம் ரூட்டை எடுப்பது, சுடலைமணியுடையதை. மூன்றாவதை எடுத்தாலும் ஏழு பேரும் ஐந்தரைக்குள் திரும்பிவிடுவார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஏழு வண்டிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர்தான் கூடும். ஒரு வண்டிக்குக் கால் கிலோமீட்டர்.

இரண்டு தாளும் என் முன்னால் இருந்தது. பேச்சித்தாயக்கா கேட்டதும் ஞாபகம் இருந்தது, அம்மா கேட்டதும் ஞாபகம் இருந்தது. சார் சொன்னதை நான் நம்பினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். முழுக்க நம்பவில்லை.

மூன்றாம் ரூட்டை எடுத்த தாளில் திரேஸ்புரம் பக்கம் ஒரு கோடு நீளமாக வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அசிங்கமாக இருந்தது. ஆறாம் ரூட்டை எடுத்த தாள் அழகாக இருந்தது. சார் அதைப் பார்த்து மறுபடி "ஏயப்பா" என்று சொல்வார் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதற்காகத்தான் கொடுத்தேன்.

சுடலைமணி பாவம் என்று நினைத்ததால் இல்லை. நியாயம் பார்த்ததால் இல்லை. அப்படி இருந்திருந்தால் அதையாவது அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பாவைத் திருப்பூர் பஸ் ஏற்றிவிட்டோம். ஒரு பை, ஒரு போர்வை, ஜெபமாலை. அம்மா பஸ் கிளம்புகிறவரை திட்டிக்கொண்டே இருந்தாள். "கண்ட கடையில புரோட்டா திங்காதியும். போன சார்ஜ் போட்டு வையும். அங்க குளிருமாம், காதக் கெட்டிக்கிடும்." பஸ் திரும்பியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

நூற்றுப் பன்னிரண்டு, தொண்ணூற்றெட்டு, நூற்று ஐந்து. எல்லோருக்கும் லோடு ஏறிவிட்டது. சுடலைமணி இப்போது கேலி பேசுவதில்லை, வருகிறான், ஏற்றுகிறான், போகிறான். பழைய ஆறாம் ஏரியாவிலிருந்து ஆபீசுக்கு இரண்டு போன். "அண்ணாச்சி ஏன் வாரதில்ல, மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார்களாம். மேலுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று பேச்சித்தாயக்கா சொன்னாளாம்.

செப்டம்பர் 29, திங்கள்

காஜா சார் புது பேனா கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மத்தியானம் அப்பா போன் செய்தார். அம்மா முதலில் பேசினாள், அரை மணி நேரம் சாப்பாட்டைப் பற்றி. பிறகு என்னிடம் கொடுத்துவிட்டுத் துணி எடுக்கப் போனாள்.

அங்கே பேச ஆள் இல்லையாம். குடோனில் சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளே போனால் காலை ஆறு வரை பூட்டுகளோடுதான். அறையில் மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு வந்து படுக்கிறார். அப்பாவின் குரல் பழையபடி வீட்டுக் குரலாக, சின்னதாக இருந்தது.

"பகல்ல படுத்தா ஒறக்கம் வரமாட்டேங்கு பிள்ள. ஒண்ணையே நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். ஒங்கிட்ட கேக்கலாமான்னு தெரியல."

"கேளுங்கப்பா."

"தப்பா எடுத்துக்காத. அந்தக் கணக்குல... நம்ம ஆற எடுக்காம ஏழாக்க வேற வழி ஏதும் இருந்துச்சா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன்."

ஜன்னல் வழியாக அம்மா தெரிந்தாள். கொடியிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா" என்றேன். "எட்டையும் எடுத்து எடுத்துப் பாத்தேன். வேற எத எடுத்தாலும் வரலப்பா. அது ஒண்ணுதான் வந்துச்சு."

இவ்வளவு நீளமாக, திக்காமல், நான் யாரிடமும் பேசியதில்லை.

அப்பா நீளமாக மூச்சு விடுவது கேட்டது.

"அப்பச் சரி பிள்ள. நான் என்னமோ நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். கணக்கு ஆளு பாக்காதுல்லா."

"ஆமாப்பா."

"சரி வையி. போயிக் கொஞ்சம் படுக்கேன்."

வைத்துவிட்டு மணி பார்த்தேன். இரண்டு பத்து. இப்போது மூன்றாகிறது. அம்மா துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, என்னத்த எழுதுற என்று கேட்கிறாள். அப்பா இந்நேரம் தூங்கியிருப்பார்.